விழாத பால் பல்

என் தங்கையின் எதிரே வாய்விட்டுச் சிரிப்பவர்கள் குறைவு. சொந்தக்காரர்கள் கூடியிருக்கும் இடத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் போதும், அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெரியம்மாக்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்கள். வயதை ஐந்தாறு வருடம் குறைத்துச் சொல்லியே பழகியவர்களுக்கு அவளைக் கண்டாலே பயம். அவள் வேலை அப்படி. தடய அறிவியல் கூடத்தில் பல் பிரிவில் இருக்கிறாள். பெயர் தெரியாமல் கிடைத்த மண்டை ஓடானாலும் சரி, பிறந்த தேதி தெரியாமல் உயிரோடு வந்து நிற்கும் மனிதரானாலும் சரி, பல்லைப் பார்த்து இவருக்கு இத்தனையிலிருந்து இத்தனை வயதிருக்கும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவள் அவள்.

எனக்கு அவளைப் பற்றிப் பெருமை. முகத்துக்கு நேராகச் சொன்னால் "சரி சரி, வேலையைப் பாரு" என்பாள். அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

நான் மூத்தவள். தையல் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, முதல் மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் மகளும், அதற்கும் மேலே அவள். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும், ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு வாயே கிடையாது, கண்தான். சின்ன வயதிலேயே அவளுக்கு வீட்டில் வைத்த பேர் கறார். அப்பா வாங்கி வரும் பிஸ்கட்டை எங்கள் இரண்டு பேருக்கும் பங்கு வைப்பது அவள் பொறுப்பு. உடைந்த துண்டு மிஞ்சினால் அதையும் சரிபாதியாக உடைத்த பிறகுதான் வாயில் வைப்பாள். என் பங்கில் ஒரு துணுக்கு கூடிவிட்டால் நான் கமுக்கமாக இருந்துவிடுவேன். தன் பங்கில் கூடிவிட்டால் அவளே அதை என் பக்கம் தள்ளிவிடுவாள். இந்தப் பெண்ணுக்குப் பிழைக்கத் தெரியாது என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பல் மருத்துவம் படித்துவிட்டு முதலில் ஒரு கிளினிக்கில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஒரு வருடம் தாக்குப்பிடித்ததே பெரிது.

"ராத்திரி பல்லு தேய்க்கறீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமாங்கறாங்க அக்கா. வாயைத் திறந்தா தெரியுது. எதுக்குப் பொய் சொல்லணும்?"

"உன்கிட்ட திட்டு வாங்க வேணாம்னுதான்."

"நான் எங்க திட்டறேன்? பாக்கறேன், அவ்வளவுதான்."

"அதுக்கு நீ திட்டியே தொலைக்கலாம்."

தடய அறிவியல் கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துகொண்டாள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பேசவே மாட்டார்கள், வெறும் எலும்புதான். அவளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நடுவில் கல்யாணப் பேச்சும் வந்தது. முப்பத்திரண்டு வயது மாப்பிள்ளை என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், என் வீட்டுக்காரர் சொன்ன மொக்கை ஜோக்குக்குக் கூடத் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அங்கேதான் வினை. தேநீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டே இவள், "முப்பத்தஞ்சுக்குக் குறையாதே, மேல்வரிசை இவ்வளவு தேஞ்சிருக்கே" என்றாள். கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, மழை வரும்போல இருக்கிறதே என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். அன்றைக்கு நான் அவளைத் திட்டிய திட்டில் கீழே தையல் மெஷினே அதிர்ந்திருக்கும். மாப்பிள்ளைக்கு முப்பத்தேழு என்று அப்புறம் தெரிந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா என்ன?

ஒருநாள் மதியம் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோதுதான் அவள் அறையை முதன்முதலில் பார்த்தேன். நீளமான மேஜை ஒன்று, தலை சாய்க்கும் நாற்காலி ஒன்று, சுவரில் எக்ஸ்ரே படத்தை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டி. அலமாரியில் வெள்ளை மாவில் வார்த்த தாடைகள், தொட்டில் குழந்தையிலிருந்து கிழவர் வரை வயது வரிசையில் அடுக்கியிருந்தன. மருந்து வாசனை மூக்கைத் துளைத்தது. அவளோ அந்தத் தாடைகளுக்கு நடுவில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

"இதை வச்சு எப்படிடி வயசு சொல்றே?" என்று கேட்டேன்.

"பல்லு மேலேருந்து கீழ வளரும். முதல்ல தலை, அப்புறம் வேரு, கடைசியா வேரோட நுனி மூடும். எந்தப் பல்லு எந்த வயசுல எவ்வளவு வளர்ந்திருக்கும்னு ஆயிரக்கணக்கான பிள்ளைங்களைப் பாத்துக் கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. கடைசியா வர்றது ஞானப்பல்லு. அதோட வேர் நுனி மூடியிருந்தா பெரும்பாலும் பதினெட்டு தாண்டியாச்சுன்னு அர்த்தம்."

"பெரும்பாலும்னா?"

"பல்லு பிறந்த தேதி சொல்லாது அக்கா. இதுலேருந்து இதுக்குள்ளன்னு ஒரு இடைவெளிதான் சொல்லும். அதுக்கு மேல யாராவது சொன்னா நம்பாதே."

சட்டை தைக்கும்போது நான் கொஞ்சம் தளர்வு விட்டுத் தைப்பதுபோல என்று எனக்குப் புரிந்தது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் வந்து உட்காருகிறவரின் வயதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. போலீஸ்காரர் சொல்லக் கூடாது, வக்கீல் சொல்லக் கூடாது, உட்கார்ந்திருப்பவரே கூடச் சொல்லக் கூடாது. யாராவது ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். காதில் ஒரு எண் விழுந்துவிட்டால் கண் அந்த எண்ணைத்தான் தேடும் என்பாள். அந்தக் கூடத்திலும் அவள் பேர் கறார் மேடம் ஆகிவிட்டது. நாங்கள் வைத்த பேர் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இத்தனை கறாரான என் தங்கைதான் ஒரு பெண்ணின் வயதைத் தப்பாக எழுதிக் கொடுத்தாள்.

அந்தப் பெண் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்தவள். அந்த வீட்டு அடுக்களையில் ஒருநாள் தீப்பிடித்து, படுக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். கேஸ் அடுப்பை வேண்டுமென்றே திறந்து விட்டுவிட்டு ஓடியது இவள்தான் என்று வழக்கு. அவள் செய்தாளா இல்லையா என்பது இந்தக் கதை இல்லை. அவளுக்கு என்ன வயது என்பதுதான் கேள்வி. பிறந்ததற்குச் சான்றிதழ் கிடையாது, சொல்ல அப்பா அம்மாவும் இல்லை. வேலைக்குக் கொண்டுவந்து விட்ட ஆள் பத்தொன்பது என்று சாதித்தான், வீட்டுக்காரர்களும் ஆமாம் போட்டார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால் குழந்தைகள் இல்லம், படிப்பு, தனி விசாரணை. பிள்ளையை வேலைக்கு வைத்ததற்கு வீட்டுக்காரர்களும் பதில் சொல்ல வேண்டிவரும். தாண்டியது என்றால் பெரியவர்களின் சிறை, பெரியவர்களின் வழக்கு, குற்றம் நிரூபணமானால் வாழ்க்கையில் பாதி உள்ளேயே போய்விடும்.

அவளைத் தங்கையிடம் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பெண், "டாக்டரம்மா, எனக்கு..." என்று ஏதோ ஆரம்பித்திருக்கிறாள். இவள் வழக்கம்போலக் கையை உயர்த்தி, "சொல்லாதே. வாயைத் திற" என்றிருக்கிறாள். முகத்தைச் சுற்றி வந்து எல்லாப் பல்லையும் ஒரே படமாக எடுக்கும் மெஷின் அந்த வாரம் பழுதாகிக் கிடந்தது. அதனால் வாயின் ஓரத்தில் ஒரு சின்ன ஃபிலிமை வைத்து, கடைவாய்ப் பக்கம் மட்டும் எடுத்தார்கள். பெரிய பல் மூன்று அடுத்தடுத்து இருந்தன. மூன்றாவதின் வேர் நுனி நன்றாக மூடியிருந்தது. ஞானப்பல், பதினெட்டு தாண்டியது என்று தங்கை எழுதினாள். அந்தப் பெண் பெரியவர்களின் சிறைக்குப் போனாள்.

அதற்கப்புறம் பல மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மகளுக்குப் பதினாலு வயது. ஈறு வலிக்கிறது என்று அழுததால் முந்தின நாள்தான் பல் டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்து வந்திருந்தோம். வீட்டிலேயே ஒருத்தி இருக்கும்போது எதற்கு வெளியே போனோம் என்றால், சித்தியிடம் வாயைத் திறக்க என் மகளுக்குப் பயம்.

"இவளுக்கு இன்னும் ஒரு பால் பல்லு விழலையாம்டி" என்று படத்தை நீட்டினேன்.

அவள் சாப்பிடும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "அடியில வர வேண்டிய பல்லு பிறவியிலேயே இல்ல. சில பேருக்கு அப்படி இருக்கும். புதுப்பல்லு வந்தாத்தான் பால் பல்லோட வேரு கரைஞ்சு விழும். தள்ளிவிட ஆள் இல்லாததால இது சொகுசா உக்காந்திருக்கு. வலி வேற எதுக்கோ. பயப்படாதே."

"எனக்கென்ன தெரியும்? பாக்கறதுக்குக் கடைவாய்ப் பல்லு மாதிரியே பெருசா இருந்துது. நான் டாக்டர்கிட்ட, இவளுக்கு இதுக்குள்ள மூணு கடைவாய்ப் பல்லு வந்துடுச்சு, ஞானப்பல்லு முளைச்சாச்சுன்னு பெருமையடிச்சேன். அந்த மனுசன் சிரிக்கறான்."

தங்கை சிரிக்கவில்லை. படத்தையும் இறக்கவில்லை.

"என்ன சொன்னே?"

"மூணுன்னு எண்ணினேன்னு சொன்னேன்."

அவள் படத்தை மேஜைமேல் வைத்தாள். தட்டில் பாதி அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். என் சமையலை அவள் இதற்கு முன்னால் பாதியில் விட்டதில்லை, அதனால் எனக்குக் கோபம்கூட வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடைக்கே வந்தாள். நான் ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். துணி மூட்டைமேல் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பற்றி இதுவரை நான் எழுதியதை எல்லாம் அப்போதுதான் சொன்னாள்.

"காலையில போய் அந்தப் பழைய படத்தை எடுத்துப் பாத்தேன் அக்கா. மூணுல முதல் பல்லு படத்தோட ஓரத்துல இருக்கு, வேரு பாதி வெட்டுப்பட்டிருக்கு. அது பால் பல்லு. நான் ஞானப்பல்லுன்னு எழுதினது ஞானப்பல்லே இல்ல, அதுக்கு முன்னாடி வர்ற ரெண்டாவது கடைவாய்ப் பல்லு. பதினஞ்சு பதினாறு வயசுலேயே அதோட வேரு மூடிடும்."

"நீ எப்படிடி இதைப் பாக்காம விட்டே?"

"வயசு கடைசிப் பல்லுலதான் இருக்கும்னு கண்ணு நேரா அங்கேயே போயிடுது. எங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முன்னாடி இருக்கறதை நான் எண்ணல. வாயில ஒரு சின்னப் பல்லு குறையறதைப் பாத்தேன், எப்பவோ பிடுங்கியிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்."

"சரி, இப்ப என்ன பண்ணப் போறே?"

"கோர்ட்ல போய்ச் சொல்லணும்."

எனக்குச் சுரீரென்றது. அந்த வருடம் அவள் பிரிவின் தலைவர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலி இவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். உனக்கென்ன பைத்தியமா, யாரும் கேட்காதபோது நீயாகப் போய் ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும், இத்தனை வருடம் எழுதிக் கொடுத்ததை எல்லாம் கிளறுவார்களே, அந்தப் பெண்ணின் வக்கீல் கண்டுபிடிக்கட்டுமே, அவருக்குத்தானே அது வேலை என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் நூல்கண்டு ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது என் மகள் மேலேயிருந்து ஓடிவந்தாள். பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை. "அம்மா, பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே என் முதுகில் சாய்ந்து தொங்கினாள். அவள் வாயிலும் அதே பல். இவளை ஒத்த ஒரு பெண், முதுகில் சாய்ந்து தொங்க யாரும் இல்லாமல், பெரிய பெண்களுக்கு நடுவில் மாதக்கணக்காகப் படுத்துக்கொண்டிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. எனக்கு அழத் தெரியும் என்பதே என் மகளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"போய்ச் சொல்லு" என்றேன். "சீக்கிரம் போய்ச் சொல்லு."

பிரிவின் தலைவர் அவ்வளவு சீக்கிரம் கரையவில்லை. கெட்டவர் இல்லை, ஓய்வு பெறும் வரை பிரச்சினை எதுவும் வரக் கூடாது என்று நினைக்கிற மனிதர். "அறிக்கை போயாச்சும்மா. நாமளே நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? அவங்க சந்தேகப்பட்டுக் கேட்டா அப்ப பாக்கலாம்" என்றாராம். இவள் பழைய ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, பின்னால் இருக்கும் இரண்டு பல்லையும் ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"சார், ஓரத்துல இருக்கற இந்தப் பல்லு என்னது?"

அவர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு பார்த்தார். "பால் பல்லு. வேரு எப்படி அகண்டு போகுது பாரு. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எதுக்குக் கேக்கறே?"

இவள் காகிதத்தை எடுத்தாள். படத்தின் ஓரத்தில் இருந்த வழக்கு எண்ணை அவர் படித்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அந்தப் பொண்ணோட வக்கீலைக் கூப்பிடு. முழுப் படமா எடுக்கணும்" என்றார். கூடவே, "உன் பேரு அடிபடும், தெரியுமில்ல?" என்றும் கேட்டிருக்கிறார். தெரியும் என்றிருக்கிறாள்.

கோர்ட்டு அனுமதியோடு அந்தப் பெண்ணை மறுபடியும் கூட்டிவந்தார்கள். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் எதையும் சொல்ல ஆரம்பிக்கவில்லை. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே வாயைத் திறந்துகொண்டாள். அதைத்தான் தங்கையால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வந்ததாம், ஆனால் தீர்ப்பு வருவதற்குள் சோதனைக்கு வந்தவரிடம் இவள் அப்படி ஏதும் பேசக் கூடாது. மெதுவாகத் தலையைச் சாய்த்து வைத்து, "அசையாம இரும்மா" என்று மட்டும் சொன்னாளாம்.

மெஷின் முகத்தைச் சுற்றி வந்து முழுப் படமும் எடுத்தது. அந்தப் படத்தைத் தங்கை படிக்கவில்லை. தனக்கு ஏற்கெனவே ஒரு எண் தெரிந்துவிட்டது, தன் கண் இனி சுத்தமில்லை என்று சொல்லிவிட்டாள். பேரும் எண்ணும் இல்லாமல் வேறொரு ஊர்க் கூடத்தில் இருக்கும் இரண்டு பேருக்குத் தனித்தனியாக அனுப்பினார்கள். இரண்டு பேரும் ஒன்றையே எழுதினார்கள். இரண்டு பக்கமும் பால் பல் விழாமல் இருக்கிறது. நிஜமான ஞானப்பல் பின்னால் எலும்புக்குள் புதைந்து கிடக்கிறது, அதற்கு வேரே இப்போதுதான் ஆரம்பிக்கிறது. பதினாலிலிருந்து பதினேழுக்குள்.

கோர்ட்டுக்கு நானும் போனேன். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். தலைக்கு மேலே காற்றாடி கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் காவலரோடு நின்றாள். நான் நினைத்திருந்ததைவிட ரொம்பச் சின்னவள். என் கண்ணுக்கே தெரிகிறதே, இதற்கு எக்ஸ்ரே எதற்கு என்று தோன்றியது. தங்கையிடம் சொன்னால் கண்ணுக்குத் தெரிவதை நம்பித்தான் உலகத்தில் பாதித் தப்பு நடக்கிறது என்பாள். அதனால் சொல்லவில்லை.

அரசு வக்கீல் கேட்டார், "அன்னிக்கு நீங்கதானே பதினெட்டு தாண்டியாச்சுன்னு எழுதினீங்க?"

"ஆமா."

"இன்னிக்கு இல்லைங்கறீங்க."

"ஆமா. அன்னிக்கு எழுதினது தப்பு."

"யாரோட தப்பு? மெஷின் பழுதுன்னு கேள்விப்பட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அந்த இரும்புப் பெட்டிமேல் போய்விடும். சொல்லேன்டி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மெஷின் பழுதாத்தான் இருந்துது. ஆனா சின்னப் படத்துலேயே அந்தப் பால் பல்லு தெரிஞ்சுது. நான்தான் எண்ணாம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

கோர்ட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அரசு வக்கீல் விடவில்லை. "அப்போ இதுவரைக்கும் நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம்? அதுலயும் எண்ணாம விட்டது இருக்குமில்ல?"

"இருக்கலாம். பழைய படம் எல்லாத்தையும் எடுத்துத் திரும்பப் பாத்துக்கிட்டிருக்கேன். இன்னொண்ணு கிடைச்சா அதையும் நானே வந்து சொல்வேன்."

"சொல்லிட்டுப் போயிடுவீங்க. உங்களை யாரு இனிமே நம்புவாங்க?"

"என்னை நம்ப வேணாம். படத்தைப் பாருங்க."

நீதிபதி அம்மா அதுவரை தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டு, படத்தை மேலே கொண்டுவரச் சொன்னார். தங்கை மேஜைப் பக்கம் போய், ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை எண்ணிக் காட்டினாள். இந்தத் தடவை ஒன்றுகூட விடவில்லை. நீதிபதி அம்மாவும் கூடவே வாய்க்குள் எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அரசு வக்கீல்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். என் தங்கை, என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள், அத்தனை பேருக்கு முன்னால் தன் தப்பைத் தானே விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும் வேலை கிடைத்தபோதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி என்றைக்கும் நிமிர்ந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம், "அது என் தங்கச்சி" என்றேன். அவர் கேட்கவே இல்லை, ஆனாலும் சொன்னேன்.

அந்தப் பெண் பெரியவள் இல்லை, அவளை அன்றே குழந்தைகள் இல்லத்துக்கு மாற்ற வேண்டும், வழக்கும் அங்கேதான் நடக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவளை வேலைக்குக் கொண்டுவந்து விட்டவனையும் வீட்டுக்காரர்களையும் விசாரிக்கச் சொன்னார்கள். தங்கைக்கும் அவள் அலுவலகத்தில் விசாரணை வந்தது. தலைவர் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் புதிய தலைவர் வந்த உடனே ஒரு விதி போட்டார்: கடைசிப் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாப் பல்லையும் முன்னாலிருந்து எண்ணி எழுத வேண்டும், அதை இரண்டாவது ஆளும் எண்ண வேண்டும். அந்த விதியை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. நாற்காலி போனதில் எனக்கு இன்னும் ஆற்றாமை உண்டு. அவளுக்கு இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்குக் கோர்ட்டுக்கு வெளியே நடந்தது. நீளமான நடைக்கூடம். ஓரத்து பெஞ்சில் அந்தப் பெண்ணும் பெண் காவலரும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். வா, போகலாம் என்று நான் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு நேராக அந்தப் பெண்ணிடம் போனாள். அவளைக் கண்டதும் அந்தப் பெண் பழக்கத்தில் வாயைத் திறக்கப் போனாள்.

"வேணாம், வேணாம்" என்று தங்கை அவசரமாகச் சொன்னாள். அப்புறம் பெஞ்சுக்கு முன்னால் குனிந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தே. நான் விடல. இப்ப சொல்லும்மா."

அந்தப் பெண் பெண் காவலரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லலாமா கூடாதா என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

"எனக்குப் பதினஞ்சு வயசுன்னு சொல்ல வந்தேன்" என்றாள். "இப்ப பதினாறு ஆயிடுச்சு. உள்ள இருக்கும்போதே ஆயிடுச்சு."

தங்கையின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடமாக மாப்பிள்ளை சொன்ன வயதை நம்பியதில்லை, பெரியம்மாக்கள் சொன்ன வயதை நம்பியதில்லை, ஏன், நான் சொல்கிற வயதைக்கூட ஒரு தடவை என் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவாள்.

"சரிம்மா. பதினாறு" என்றாள்.

வாயைத் திறக்கச் சொல்லவில்லை.